முப்பத்தாறு கணினிகளைக் காயலான் கடைக்கு அனுப்பும் முன்

பள்ளித் தாளாளர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும்,

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று என் மகளின் டைரியில் ஒட்டி வந்த சுற்றறிக்கையை மூன்று முறை படித்தேன். ஆய்வகத்தில் உள்ள 36 கணினிகளும் 'காலாவதியாகிவிட்டதால்' அவற்றைக் கழித்துக்கட்டிப் புதியவை வாங்கப் போகிறீர்களாம். ஒரு கணினி 42,000 ரூபாய், மொத்தம் 15,12,000. அதற்காக ஆறாம் வகுப்பிலிருந்து +2 வரை படிக்கும் ஒவ்வொரு பிள்ளையும் 'கணினி மேம்பாட்டுக் கட்டணம்' 4,500 ரூபாயை பிப்ரவரி 10க்குள் கட்ட வேண்டுமாம்.

என் மகள் +2. மார்ச்சில் பொதுத்தேர்வு எழுதிவிட்டுப் போய்விடுவாள். புதுக் கணினி வரப்போவது ஜூனில். அவள் தொடவே போகாத கணினிக்கு நான் பணம் கட்டுவது என் சொந்த வயிற்றெரிச்சல், அது ஒரு பக்கம் இருக்கட்டும். நீங்கள் சொல்லியிருக்கும் காரணமே தவறு என்பதுதான் என்னை எழுத வைக்கிறது. அந்தக் கணினிகள் காலாவதியாகவில்லை. சென்ற காலாண்டு விடுமுறையில் உங்கள் அனுமதியோடு நடந்த ஒரு வேலைதான் அவற்றை ஆமையாக்கியது. இதை நான் கையில் கடிகாரத்தோடு அளந்து, டிசம்பர் முதல் வாரமே இரண்டு பக்க அறிக்கையாக அலுவலகத்தில் கொடுத்தேன். முத்திரை போட்ட நகல் என்னிடம் இருக்கிறது. பதில் வரவில்லை, சுற்றறிக்கைதான் வந்தது. அதனால் இந்த முறை எல்லாப் பெற்றோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நான் ரிச்சி தெருவில் 22 வருடமாகக் கணினி பழுது பார்க்கிறவன். 'ஓ, பொருள் விற்க வருகிறாரா' என்று உங்களில் ஒருவருக்காவது இந்நேரம் தோன்றியிருக்கும். தோன்றட்டும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் கீழே சொல்லும் எந்தப் பொருளையும் என் கடையில் வாங்க வேண்டாம், எனக்குத் தெரிந்தவர் கடையிலும் வாங்க வேண்டாம். மவுன்ட் ரோட்டிலிருந்து உள்ளே நுழைந்தால் இரண்டு பக்கமும் கடைதான். யாரிடம் வேண்டுமானாலும் விலை கேளுங்கள்.

முதலில் காலாண்டு விடுமுறையில் நடந்தது. உங்கள் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தக்காரரின் ஆட்கள் வந்து 36 கணினிகளிலும் இருந்த விண்டோஸ் 10ஐ எடுத்துவிட்டு விண்டோஸ் 11ஐப் போட்டுவிட்டுப் போனார்கள். 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் இலவசப் பாதுகாப்பு அப்டேட் தருவது முடிகிறது என்பது காரணம். அது உண்மைதான், கவலைப்பட வேண்டிய விஷயமும்தான். ஆனால் விண்டோஸ் 11 எந்தக் கணினிக்கு என்று அதைச் செய்த நிறுவனமே கோடு போட்டு வைத்திருக்கிறது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், 4 ஜிபி ரேம் வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை ப்ராசஸராவது வேண்டும். நம் லேப்பில் இருப்பது 2014இல் வாங்கிய நான்காம் தலைமுறை ஐ3. பட்டியலிலேயே இல்லை. சோதனையைத் தாண்டிப் போகிற குறுக்கு வழி ஒன்று எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும், அந்த வழியில்தான் போட்டிருக்கிறார்கள். அப்படிப் போட்ட கணினிக்கு அப்டேட் வரும் என்று உத்தரவாதம் இல்லை என்பதையும் மைக்ரோசாஃப்டே சொல்லியிருக்கிறது. பாதுகாப்பு அப்டேட்டுக்காகச் செய்த வேலையில் அந்த அப்டேட்டுக்கே உத்தரவாதம் இல்லை! இதை உங்களிடம் அவர்கள் சொன்னார்களா? சொல்லியிருந்தால் நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டீர்கள் என்றுதான் நினைக்கிறேன்.

அப்புறம் வகுப்பில் என்ன ஆனது என்று மகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கணினி வகுப்பு 40 நிமிடம். ஒரு கணினிக்கு இரண்டு பேர். பட்டனை அழுத்திவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய், குடித்துவிட்டு, வராந்தாவில் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தால் அந்த நீல வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்குமாம். யாருடைய சிஸ்டம் முதலில் திறக்கும் என்று பையன்கள் பந்தயம் கட்டுகிறார்களாம். ஒரு நாள் மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தோடு பைத்தான் நிரலை இணைக்கும் செய்முறை. இவள் முதல் வரியைத் தட்டி, இரண்டாம் வரியில் கடவுச்சொல் கொடுத்துவிட்டுக் காத்திருந்தபோது மணி அடித்துவிட்டது. ரெக்கார்டு நோட்டில் அவுட்புட்டை வீட்டில் என் லேப்டாப்பில் ஓட்டிப் பார்த்துதான் எழுதினாள். வீட்டில் லேப்டாப் இல்லாத பிள்ளை என்ன செய்திருக்கும்? பக்கத்தில் இருப்பவளைப் பார்த்து எழுதியிருக்கும்.

முதல் பீரியடில் லேப் இருக்கும் நாட்களில் கணினி மிஸ் ஏழே முக்காலுக்கே வந்து, 36 பட்டனையும் ஒவ்வொன்றாக அழுத்திவிட்டுப் பிரேயருக்குப் போகிறார். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போட்டால் யுபிஎஸ் அலறுகிறது, அதனால் ஆறு ஆறாகப் போடுகிறார். இதை அவர் என்னிடம் புகாராகச் சொல்லவில்லை, நானே பார்த்தேன். தயவுசெய்து இதற்காக அவரைக் கூப்பிட்டு விளக்கம் கேட்காதீர்கள்.

நவம்பரில் பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் எழுத்து அனுமதி வாங்கிக்கொண்டு இரண்டு சனிக்கிழமை லேப்பில் உட்கார்ந்தேன். ஜன்னலோரம் மூன்றாவது வரிசையில் இருக்கும் 17ஆம் எண் சிஸ்டம். அதன் சொந்த ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அதே வகை, அதே வயது, அதே 500 ஜிபி டிஸ்க்குகள் நான்கை என் செலவில் கொண்டுவந்தேன். ஒன்றில் விண்டோஸ் 7, ஒன்றில் விண்டோஸ் 10, ஒன்றில் விண்டோஸ் 11, ஒன்றில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தின் கனம் குறைந்த எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. நான்கிலும் ஒரே பைத்தான் 3.8. ஏன் 3.8 என்றால் விண்டோஸ் 7இல் ஓடும் கடைசிப் பைத்தான் அதுதான், எல்லாவற்றுக்கும் ஒரே அளவுகோல் வேண்டும். விண்டோஸ் 7 தவிர மற்றவற்றில் அப்டேட் எல்லாம் இறங்கி முடிந்த பிறகு, ஒவ்வொன்றையும் மூன்று முறை ஓட்டி, நடுவில் வந்த நேரத்தை எடுத்துக்கொண்டேன்.

இங்கே ஒரு சூட்சுமம் உண்டு, தெரியாதவர்கள் இதில்தான் ஏமாறுவார்கள். விண்டோஸ் 8இலிருந்து 'ஷட் டவுன்' கொடுத்தால் கணினி முழுதாக அணைவதில்லை. ரங்கநாதன் தெருவில் இரவு கடை கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். சிலர் சரக்கை எல்லாம் மூட்டை கட்டி உள்ளே எடுத்து வைத்துவிட்டுப் போவார்கள். சிலர் அப்படியே தார்ப்பாயைப் போர்த்திக் கயிறு கட்டிவிட்டுப் போவார்கள். காலையில் தார்ப்பாய்க்காரர்தான் முதலில் கடை திறப்பார். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்பது அந்தத் தார்ப்பாய்தான். இயங்குதளத்தின் உள்பகுதியை அப்படியே டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு, மறுநாள் அதைத் திரும்பத் தூக்கி ரேமில் வைக்கிறது. அதனால் ஷட் டவுன் செய்து திறந்து பார்த்து, 'பார்த்தீர்களா, பழசைவிடப் புதுசு வேகம்' என்று யாராவது உங்களுக்குச் செய்து காட்டினால் நம்பாதீர்கள். 'ரீஸ்டார்ட்' கொடுத்தால் முழுதாக அணைந்து முழுதாக எழும். நான் அளந்ததெல்லாம் ரீஸ்டார்ட்டில்.

இன்னொன்றும் உண்டு. டெஸ்க்டாப் படம் தெரிந்தவுடன் கடிகாரத்தை நிறுத்திவிடக் கூடாது. படம் வந்துவிடும், மவுஸ் நகரும், எதைத் தொட்டாலும் அசையாது. ஆகவே பைத்தான் எழுதும் ஐடில் என்ற சாளரம் திறந்து நான் தட்டும் முதல் வரியை அது வாங்கிக்கொள்ளும் வரைக்கும் கணக்கு. பிள்ளைக்கு வகுப்பு ஆரம்பிப்பது அந்த நொடியில்தான்.

இப்போது லேப்பில் இருக்கிறபடியே, ஹார்டு டிஸ்க், 4 ஜிபி ரேம். விண்டோஸ் 7: 1 நிமிடம் 35 வினாடி. லினக்ஸ் மின்ட்: 1 நிமிடம் 50 வினாடி. விண்டோஸ் 10: 4 நிமிடம் 10 வினாடி. விண்டோஸ் 11: 8 நிமிடம் 45 வினாடி.

இதோடு நிறுத்தியிருந்தால் 'பார்த்தீர்களா, பழசுதான் நல்லது' என்று எழுதிவிட்டுப் போயிருப்பேன். எங்கள் தெருவில் டீ குடிக்கும்போது பாதிப் பேர் அதைத்தான் சொல்வார்கள். அடுத்த சனிக்கிழமை அதே 17ஆம் எண் கணினியில் ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக ஒரு எஸ்எஸ்டி (சுற்றும் தட்டு இல்லாமல் சில்லுகளில் தகவலை வைக்கும் டிஸ்க்) மாட்டினேன், காலியாக இருந்த ஸ்லாட்டில் இன்னொரு 4 ஜிபி ரேம் போட்டேன். மதர்போர்டு அதே, ப்ராசஸர் அதே. லினக்ஸ் 31 வினாடி. விண்டோஸ் 7, 34 வினாடி. விண்டோஸ் 10, 47 வினாடி. விண்டோஸ் 11, 62 வினாடி.

எட்டே முக்கால் நிமிடம் ஒரு நிமிடமாகிவிட்டது. ஹார்டு டிஸ்க்கில் விண்டோஸ் 7க்கும் 11க்கும் இடையே ஏழு நிமிடத்துக்கு மேல் இருந்த வித்தியாசம், எஸ்எஸ்டியில் 28 வினாடியாகச் சுருங்கிவிட்டது. புதுசு பழசைவிடக் கனம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் கனம் பிள்ளைகளின் தலையில் இறங்குவது பழைய டிஸ்க் இருந்தால்தான்.

ரேம் மட்டும் கூட்டினால் போதாதா என்று கேட்பீர்கள், அதையும் பார்த்தேன். ஹார்டு டிஸ்க்கிலேயே 8 ஜிபி ரேமோடு விண்டோஸ் 11க்கு 6 நிமிடம் 20 வினாடி ஆனது. கொஞ்சம் தேவலை, அவ்வளவுதான்.

ப்ராசஸர் கிழடாகிவிட்டது என்ற பேச்சுக்கும் ஒரு சோதனை வைத்தேன். பகா எண்களைக் கண்டுபிடிக்கும் ஒரு சின்ன நிரல், +2 பிள்ளைகள் எழுதுகிற மாதிரிதான், எல்லையை மட்டும் பெரிதாக்கிக்கொண்டேன். நிரல் ஓட ஆரம்பித்துவிட்டால் நான்கு இயங்குதளத்திலும் 41லிருந்து 43 வினாடிக்குள் முடிந்தது. கணக்குப் போடும் வேகத்தில் பழசு புதுசு என்ற பேச்சே இல்லை. அந்த ஐ3 இன்னும் தன் வேலையைச் சுத்தமாகச் செய்துகொண்டிருக்கிறது. சாப்பாடு வந்து சேரத்தான் தாமதம்.

ஏன் இப்படி என்று நிர்வாகக் குழுவில் ஒருவராவது கேட்க வேண்டும் என்பது என் ஆசை. கேட்டதாக வைத்துக்கொண்டு சொல்கிறேன். நம் லேப்பில் இருக்கும் ஹார்டு டிஸ்க் நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு எட்டு மில்லிவினாடிக்கு மேல் ஆகும். வேண்டிய தகவல் ஊசிக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும், அதற்கு முன் ஊசி அந்தத் தடத்துக்கு நகர வேண்டும். இப்படிச் சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னத் துண்டுகளை எடுக்கச் சொன்னால் ஒரு வினாடிக்கு ஏறக்குறைய 80 துண்டு எடுக்கும், அதற்கு மேல் அதன் உடம்பு தாங்காது. எஸ்எஸ்டியில் சுற்றுவதும் இல்லை, நகர்வதும் இல்லை. வினாடிக்குப் பல்லாயிரம் துண்டு வரும்.

கோடையில் நம் தெருவுக்கு வரும் மெட்ரோ வாட்டர் லாரியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு குழாய். விண்டோஸ் 7 காலத்தில் வரிசையில் பத்துக் குடம். இன்றைக்கு டெஸ்க்டாப் எழுவதற்குள்ளேயே அப்டேட் ஒரு குடத்தோடு வந்து நிற்கிறது, வைரஸ் தேடும் டிஃபெண்டர் ஒரு குடம், தேடலுக்காகக் கோப்புகளை அட்டவணை போடும் சேவை ஒரு குடம், நீங்கள் அடிக்கடி திறப்பதை முன்கூட்டியே எடுத்து வைக்கும் சிஸ்மெயின் ஒரு குடம், விட்ஜெட், ஒன்டிரைவ், டீம்ஸ்... கடைசியில் பைத்தானோடு என் மகள். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள், டிஸ்க் என்ற பத்தியில் 100% என்று சிவந்து நிற்கும், பக்கத்திலேயே ப்ராசஸர் 12% என்று சும்மா உட்கார்ந்திருக்கும். முதல் சனிக்கிழமை எடுத்த அந்தப் படம் டிசம்பர் அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது.

இது புதிய கதையும் இல்லை. நான் தெருவுக்கு வந்த புதிதில் 128 எம்பி ரேம் இருந்தாலே எக்ஸ்பி சந்தோஷமாக ஓடும், 64 எம்பி போதும் என்றுதான் 2001இல் அது வந்தது. 2007இல் விஸ்டா குறைந்தபட்சம் 512 எம்பி கேட்டது. அந்த 512ஐ மட்டும் வைத்துக்கொண்டு விஸ்டாவோடு வந்த கணினிகளை ஆட்டோவில் தூக்கிக்கொண்டு வந்து, 'அண்ணே, எக்ஸ்பியே போட்டுக் குடுத்துடுங்க' என்று கெஞ்சாதவர்கள் இல்லை. அந்த ஒரு வருடம் எங்கள் வருமானத்தில் பாதி, புதுசை எடுத்துவிட்டுப் பழசைப் போட்டதில் வந்தது. 2009இல் விண்டோஸ் 7 வந்து மானத்தைக் காப்பாற்றியது. 2015இல் விண்டோஸ் 10 வந்தபோது தாளில் போட்ட தேவை விண்டோஸ் 7க்குப் போட்டதேதான்: 32 பிட்டுக்கு 1 ஜிபி, 64 பிட்டுக்கு 2 ஜிபி. தாளில்! ஹார்டு டிஸ்க்கில் அது ஓடிய அழகை நம் லேப்பே பத்து வருடம் பார்த்திருக்கிறது.

நியாயமாகவும் பேச வேண்டும். புதுசு கனமானதெல்லாம் சோம்பேறித்தனத்தால் வந்ததில்லை. 2018 ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்று ப்ராசஸரின் உள்கட்டமைப்பிலேயே இரண்டு ஓட்டைகள் இருப்பது வெளியே வந்தது. அதை அடைக்கப் போட்ட ஒட்டு, கணினியின் வேகத்தைக் கொஞ்சம் தின்றது. நம்மிடம் இருப்பது போன்ற நான்காம் தலைமுறையும் அதற்கு முந்தியதும்தான் அதிகம் வாங்கிக் கட்டிக்கொண்டன. அந்த வேகக் குறைவு பாதுகாப்புக்குக் கொடுத்த விலை, அதில் எனக்குப் புகார் கிடையாது. இன்னொரு நல்லதும் சொல்கிறேன்: தமிழ்99 விசைப்பலகை விண்டோஸ் 10க்குள்ளேயே வந்துவிட்டது. எக்ஸ்பி காலத்தில் அதற்கென்று தனியாக மென்பொருள் தேடி, சிடியில் எழுதி, வீடு வீடாகப் போய்ப் போட்டுக் கொடுத்த எனக்குத்தான் அதன் அருமை தெரியும்.

அதனால்தான், வேகமாக ஓடுகிறது என்பதற்காக விண்டோஸ் 7க்குத் திரும்புங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். 2020 ஜனவரி 14ஆம் தேதியோடு அதன் கதை முடிந்தது. க்ரோம் 109க்கு மேல் அதில் ஏறாது, புதிய பைத்தான் ஏறாது. 350 பிள்ளைகள் பென் டிரைவ் செருகும் லேப்பில் அதை வைப்பது கதவில்லாத வீட்டில் குடியிருக்கிற மாதிரி. சோதனைக்கு மட்டும்தான் போட்டேன், இணையத்தில் இணைக்கவே இல்லை.

அப்படியானால் என்னதான் வழி என்பீர்கள். இரண்டு வழி இருக்கிறது.

ஒன்று, எஸ்எஸ்டியும் ரேமும் போட்டு விண்டோஸ் 10க்கே திரும்புவது, நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட்டை விலைக்கு வாங்குவது. இதில்தான் யாரும் உங்களிடம் சொல்லாத ஒரு விஷயம் இருக்கிறது. வணிக நிறுவனங்களுக்கு இது முதல் வருடம் கணினிக்கு 61 டாலர். கல்வி நிறுவனங்களுக்கு முதல் வருடம் 1 டாலர், இரண்டாம் வருடம் 2, மூன்றாம் வருடம் 4. அச்சுப் பிழை இல்லை, ஒரு டாலர்தான். 36 கணினிக்கு மூன்று வருடமும் சேர்த்து 252 டாலர், 2028 அக்டோபர் வரை பாதுகாப்பு. வரியும் வாங்கித் தருபவரின் கூலியும் மேலே கொஞ்சம் வரும், வரட்டும்.

எஸ்எஸ்டிக்கும் ரேமுக்கும் சென்ற சில மாதங்களாக விலை ஏறிக்கொண்டே போகிறது. அந்த ஏறிய விலையிலேயே சொல்கிறேன்: பொங்கலுக்கு முந்தின நாள் தெருவில் மூன்று கடையில் கேட்டதில் 256 ஜிபி எஸ்எஸ்டி 2,600 ரூபாய், பழைய டிடிஆர்3 4 ஜிபி ரேம் 700 ரூபாய். ஒரு கணினிக்கு 3,300. முப்பத்தாறுக்கு 1,18,800. ஆறாம் வகுப்பிலிருந்து +2 வரை இருக்கும் 420 பிள்ளைகளுக்குப் பிரித்தால் தலைக்கு முந்நூறு ரூபாய்கூட வராது. நீங்கள் கேட்பது 4,500. அதை 420ஆல் பெருக்கினால் 18,90,000. கணினிக்கு 15,12,000 போக மீதி எதற்கு என்று சுற்றறிக்கையில் ஒரு வரிகூட இல்லை. நான் குற்றம் சாட்டவில்லை, கணக்குக் கேட்கிறேன்.

இன்னொன்று லினக்ஸ். பயப்பட ஒன்றுமில்லை. தமிழ்நாட்டுப் பதினொன்றாம் வகுப்புப் பாடப் புத்தகத்திலேயே விண்டோஸோடு சேர்த்து உபுண்டு என்ற லினக்ஸும் பாடமாக இருக்கிறது. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் நம் சென்னையில் வளர்ந்த பிள்ளை. பைத்தானும் மைஎஸ்க்யூஎல்லும் லினக்ஸில் தாராளமாக ஓடும். எல்லாக் கணினியிலும் வேண்டாம், ஒரு வரிசையில் போட்டு ஆறு மாதம் பாருங்கள். ஆனால் செய்முறைத் தேர்வு முடிகிற வரைக்கும் இந்தப் பேச்சே வேண்டாம், பிள்ளைகள் கைபழகியதை இப்போது மாற்றக் கூடாது.

இந்தக் கணினிகள் மேல் எனக்கு ஒரு தனிப் பற்றும் உண்டு, மறைக்கவில்லை. 2015 டிசம்பர் ஒன்றாம் தேதி இரவு அடையாற்றுத் தண்ணீர் பள்ளிக்குள் வந்தபோது லேப் தரைத்தளத்தில் இருந்தது. அன்று 40 கணினிகள். காவலாளியும், பக்கத்துத் தெருவில் குடியிருந்த இரண்டு ஆசிரியர்களும், பெயர் தெரியாத சில பையன்களும் முழங்கால் தண்ணீரில் ஒவ்வொரு சிபியுவாகத் தோளில் தூக்கி மாடிக்கு ஏற்றினார்கள். நான்கைத்தான் காப்பாற்ற முடியவில்லை. அப்போது என் மகள் இரண்டாம் வகுப்பு. தண்ணீர் வடிந்த பிறகு நானும் வந்து, ஈரம் ஏறிய பவர் சப்ளைகளை மொட்டை மாடி வெயிலில் வரிசையாகப் பரப்பி, என் மனைவியின் ஹேர் டிரையரால் உலர்த்திக் கொடுத்தேன். 17ஆம் எண் கணினியைத் திறந்தபோது கேபினட்டின் அடிமூலையில் அந்த வண்டல் இன்னும் ஒரு கோடாக ஒட்டியிருந்தது. துடைக்க மனம் வரவில்லை, அப்படியே மூடிவிட்டேன்.

சரி, நான் கேட்பவை இவை.

4,500 ரூபாய்க் கட்டணச் சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுங்கள். ஏற்கெனவே கட்டிவிட்டவர்களுக்கு மூன்றாம் பருவக் கட்டணத்தில் கழித்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி செய்முறைத் தேர்வுக்கு முன், தேர்வுக்கு வேண்டிய 18 கணினிகளிலாவது எஸ்எஸ்டியும் ரேமும் மாட்டி, விண்டோஸ் 10ஐத் திரும்பப் போட்டு, கல்வி நிறுவனத்துக்கான நீட்டிப்பை வாங்குங்கள். ஒரு சனி, ஞாயிறில் முடிகிற வேலை. ஆள் பற்றாக்குறை என்றால் கூலி வாங்காமல் நான் வந்து செய்கிறேன், பொருளை மட்டும் நீங்கள் வாங்கி வையுங்கள். மீதி 18ஐ மே விடுமுறையில் செய்யலாம்.

தகுதிப் பட்டியலில் இல்லாத கணினிகளில் விண்டோஸ் 11ஐ ஏன் போட்டார்கள், அதற்கு எவ்வளவு வாங்கினார்கள் என்று ஒப்பந்தக்காரரிடம் எழுத்தில் விளக்கம் வாங்கி, அதைப் பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் வையுங்கள்.

இனி எந்த இயங்குதளத்தை மாற்றுவதாக இருந்தாலும் முதலில் ஒரே ஒரு கணினியில் போட்டு, கணினி ஆசிரியர் முன்னிலையில், ரீஸ்டார்ட்டிலிருந்து பைத்தான் திறக்கும் வரை அளந்து, அவர் கையெழுத்து இட்ட பிறகே மற்றவற்றில் கை வைக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் புதிய கணினிதான் என்று முடிவெடுத்தால், பழையவற்றைக் காயலான் கடைக்கு எடைக்குப் போடாதீர்கள். அந்த டிஸ்க்குகளில் பிள்ளைகளின் பெயர், பிறந்த தேதி, மதிப்பெண் எல்லாம் இருக்கிறது. முதலில் அவற்றை முழுதாக அழிக்க வேண்டும். ஓடுகிற கணினிகளை, வீட்டில் கணினி இல்லாத நம் பள்ளிப் பிள்ளைகளுக்கே கொடுங்கள். ஓடாதவற்றை அங்கீகாரம் பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

இந்த ஐந்துக்கும் ஜனவரி 31ஆம் தேதிக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வேண்டும். டைரியில் ஒட்டி அனுப்பினாலும் போதும். 17ஆம் எண் கணினியில் நான் மாட்டிய எஸ்எஸ்டியும் ரேமும் இன்னும் அதிலேயேதான் இருக்கின்றன, பிள்ளைகள் பயன்படுத்தட்டும் என்று கழற்றவில்லை. பதில் எழுதும் முன் நிர்வாகக் குழுவினர் ஒரு முறை லேப்புக்கு வந்து, 17ஐயும் பக்கத்தில் இருக்கும் 18ஐயும் ஒரே நேரத்தில் ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். பத்து நிமிடம் ஒதுக்கிக்கொண்டு வாருங்கள், 18க்கு அவ்வளவு ஆகும்.

இப்படிக்கு,
+2 கணினி அறிவியல் மாணவி ஒருத்தியின் தந்தை
சென்னை